கெட்டி அட்டையா, திரையா, ஜெராக்ஸ் கட்டா?

போன மாதம் ஒரே வாரத்தில் மூன்று பேர் ஒரே கேள்வியோடு என்னிடம் வந்தார்கள். ஒருவர் காரைக்குடியில் பொறியியல் கடைசி ஆண்டு படிக்கும் தம்பி. இன்னொருவர், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறையில் கதை விளையாட்டு நடத்த ஆசைப்படும் தேவகோட்டை ஆசிரியை. மூன்றாமவர் கானாடுகாத்தான்காரர், சிங்கப்பூரிலிருந்து ஊருக்கு வரும் சித்தப்பாவிடம் எதை வாங்கி வரச் சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தார். மூவரும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாடத் தொடங்க வேண்டும் என்கிறார்கள். நாலைந்து பேர் ஒன்றாக உட்கார்ந்து, ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசிப் பகடை உருட்டும் ரோல்பிளே விளையாட்டுகளில் பெயர் பெற்றது அதுதான். அதன் மூன்று அடிப்படை விதிநூல்களையும் வாங்கினால் 12,000 ரூபாய்க்கு மேல் ஆகிறது. வாங்கலாமா, வேறு வழி இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

மூவருக்கும் ஒரே பதில் இல்லை. ஆனால் மூவரும் தெரிந்துகொள்ள வேண்டிய கணக்கு ஒன்று உண்டு.

## விலை ஏறியது எங்கே

1974-இல் இந்த விளையாட்டு முதலில் வந்தபோது, மூன்று மெல்லிய கையேடுகள் அடங்கிய பெட்டி 10 டாலர். அன்று டாலருக்கு ஏறத்தாழ 8 ரூபாய். ஐந்தாம் பதிப்பு 2014-இல் வந்தபோது விளையாடுவோருக்கான நூல் ஒன்றின் விலை 49.95 டாலர், டாலர் 60 ரூபாயை ஒட்டி இருந்ததால் நமக்கு 3,000 ரூபாய். அதன் திருத்திய வடிவம் 2024 செப்டம்பரில் வந்தது. விலை 49.99 டாலர். பத்தாண்டில் கூடியது நான்கு சென்ட். ஆனால் அதற்குள் டாலர் 84 ரூபாய் ஆகிவிட்டது. அதே நூல் நமக்கு 4,200 ரூபாய். மூன்றுக்கும் சேர்த்து 12,600.

அமெரிக்கரின் கையில் அசையாமல் நின்ற விலை, நம் கையில் நூற்றுக்கு நாற்பது ஏறியிருக்கிறது. அதற்கு மேல் 2019 ஜூலை பட்ஜெட்டில் இறக்குமதிப் புத்தகங்களுக்கு 5 சதவீதச் சுங்க வரி வந்தது. 2021-இல் கப்பல் கட்டணம் பன்மடங்கானது, காகிதமும் விலை ஏறியது. 2023-லிருந்து புதிய துணை நூல்கள் 59.95 டாலருக்குப் போயின.

இதை விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. "விலை இறங்கட்டும், அப்புறம் வாங்கிக்கொள்வோம்" என்று பலர் காத்திருக்கிறார்கள். ரூபாய் சரிந்ததால் ஏறிய விலை, பதிப்பாளர் மனம் வைத்தாலும் இறங்காது. காத்திருப்பதை இந்த ஒப்பீட்டில் ஒரு வழியாகவே நான் சேர்க்கவில்லை.

## எதை வைத்து அளப்பது

புத்தகத்தின் பின்னட்டை விலையைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். ஒருவருக்கு ஒரு மாலைக்கு எவ்வளவு விழுகிறது என்று பாருங்கள். 12,600 ரூபாய்க்கு வாங்கி, ஐந்து பேர் நாற்பது மாலைகள் விளையாடினால் தலைக்கு மாலைக்கு 63 ரூபாய். அதே ஐந்து பேர் நான்கு மாலையோடு நிறுத்திவிட்டால் 630 ரூபாய். புத்தகம் ஒன்றுதான், விலையும் ஒன்றுதான். குழு நிலைத்ததா என்பது மட்டுமே மாறியது. ஆகவே, குழு நிலைக்கும் முன் எவ்வளவு பணம் இறங்குகிறது என்பதே என் முதல் அளவுகோல்.

இரண்டாவது, ஆசை வந்த நாளுக்கும் முதல் ஆட்டத்துக்கும் இடையில் எத்தனை நாள் ஓடும் என்பது. ஆசைக்கு ஆயுள் குறைவு. மூன்றாவது, நடுவில் வைத்து ஐந்து பேர் புரட்டும்போது அது எப்படி உழைக்கிறது என்பது. நான்காவது மொழி. இந்த நூல்கள் எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கின்றன. குழுவில் ஒருவருக்காவது அது தடையாக இருந்தால், மொழிபெயர்க்கவும் அச்சிடவும் நமக்கு உரிமை இருக்கிறதா என்று கேட்க வேண்டும். கடைசியாக, நாளை நீங்கள் விளையாடாமல் போனால் அதை இன்னொருவர் கையில் கொடுக்க முடியுமா?

## மூன்று புதிய கெட்டி அட்டை நூல்கள்

நூலுக்கு 384 பக்கம். மூன்றும் சேர்ந்து மூன்று கிலோவுக்கு மேல். நல்ல தாள், முழு வண்ணப் படங்கள். புதிதாக வருபவரின் கையில் அதைக் கொடுத்து ஒரு படத்தைக் காட்டினால் போதும், அரை மணி நேர விளக்கம் மிச்சம். மேசையில் இதற்கு இணையாக உழைப்பது வேறெதுவும் இல்லை: ஒருவர் மந்திரங்களின் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டே இன்னொருவரிடம் நீட்டலாம். மின்சாரம் வேண்டாம்.

இன்னொருவருக்குக் கைமாற்றுவதிலும் இதுவே முதல். கோட்டையூரில் ரோஜா முத்தையா தனி மனிதராகச் சேர்த்த நூல்களை, அவர் 1992-இல் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. இன்று அவை சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக இருக்கின்றன. காகிதத்தில் இருந்ததால்தான் ஒருவர் வீட்டிலிருந்து எல்லோருக்கும் போய்ச் சேர முடிந்தது. காரைக்குடியிலிருந்து கூப்பிடு தூரத்தில் நடந்த கதை இது. புத்தகம் வாங்குவதை வீண் செலவு என்று யாராவது சொன்னால் நான் இதைத்தான் நினைத்துக்கொள்வேன்.

மறைந்திருக்கும் செலவுகளுக்கு வருவோம். மூன்றும் ஒரே நாளில் தேவைப்படுவதில்லை. விளையாடுவோர் நூல் ஒன்றை வைத்தே பல மாதங்கள் ஓட்டலாம். மற்ற இரண்டும், அதாவது கதை நடத்தும் வழிகாட்டியும் எதிர்ப்படும் உயிரினங்களின் நூலும், கதை நடத்துபவருக்கு மட்டுமே. ஆனால் "செட்டாக வாங்கினால்தான் முழுமை" என்ற எண்ணம் 8,400 ரூபாயைக் கூடுதலாக இழுத்துவிடுகிறது. தபாலில் வரும்போது முனை நசுங்குவது அடுத்தது. எனக்கு வந்த ஒரு நூலின் முதுகு பிளந்திருந்தது. மாற்றி வாங்குவதற்குள் மூன்று வாரம் போய்விட்டது, அந்த மூன்று வாரத்தில் குழுவிலிருந்து ஒருவர் விலகியும் விட்டார். பிறகு நம் ஊர்க் கரையானும் ஐப்பசி ஈரமும். சுவரோடு ஒட்டிய மர அலமாரியில் வைக்காதீர்கள்.

வெளிநாட்டு உறவினர் பெட்டி இந்தப் பக்கத்துக்கே உரிய வழி. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் அமெரிக்காவிலும் ஆள் இல்லாத வீடு செட்டிநாட்டில் குறைவு. கல்யாணத்துக்கும் முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கும் வந்துபோய்க்கொண்டே இருப்பார்கள். தபால் செலவும் நசுங்கலும் மிச்சம்தான். ஆனால் மூன்று கிலோ என்பது அவருடைய பெட்டியில் அவர் வீட்டாருக்கு வாங்கிய பொருளின் இடம். கானாடுகாத்தான்காரருக்கு நான் சொன்னது: ஒரே நூல் கேளுங்கள், விளையாடுவோர் நூலை மட்டும். பணத்தை முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். சித்தப்பா வாங்க மாட்டார், ஆனாலும் கொடுங்கள்.

ஒரு குழு ஆறு மாதம் இடைவிடாமல் கூடியிருக்கிறது, அடுத்த ஆண்டும் எல்லோரும் ஊரிலேயே இருப்பார்கள் என்றால் கெட்டி அட்டைதான் சரி. அப்போது தயங்க வேண்டாம்.

## திரையில் படிப்பது

பெரும்பாலான பதிப்பாளர்கள் பிடிஎஃப் விற்கிறார்கள். அச்சு நூலின் விலையில் பாதிக்கும் கீழே பல கிடைக்கின்றன. பணம் கட்டிய நிமிடத்தில் நூல் கையில். ஆனால் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பின் அடிப்படை நூல்கள் பிடிஎஃப்பாக விற்கப்படுவதில்லை. அதை வெளியிடும் நிறுவனத்தின் சொந்தத் தளமான டி அண்ட் டி பியாண்ட் போன்ற தளத்தில் கணக்கு திறந்து, அங்கேயே படிக்க வேண்டும். இந்த வேறுபாட்டைப் பலரும் கவனிப்பதில்லை. பிடிஎஃப் உங்கள் கணினியில் கிடக்கும். தளத்தில் வாங்கியது தளத்தில் கிடக்கும்.

2024 ஆகஸ்டில் நடந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். புதிய பதிப்பு வருவதையொட்டி, தளத்தில் ஏற்கெனவே இருந்த பாத்திரக் குறிப்புகளில் பழைய மந்திர விதிகளை எடுத்துவிட்டுப் புதியவற்றை வைக்கப்போவதாக நிறுவனம் அறிவித்தது. விளையாடுவோர் கொதித்தெழுந்த பிறகே அந்த முடிவு கைவிடப்பட்டது. அதே ஆண்டில், நூலிலிருந்து தேவையான ஒரு பகுதியை மட்டும் சில்லறையாக வாங்கும் வசதியும் எடுக்கப்பட்டது. அலமாரியில் இருக்கும் புத்தகத்துக்கு இப்படி எதுவும் நேராது.

குழுவோடு பகிர்வதற்கும் விலை உண்டு. ஒருவர் வாங்கியதை மற்றவர்கள் படிக்க, குழுவில் ஒருவராவது மேல்நிலைச் சந்தா கட்ட வேண்டும். அது மாதாமாதம் டாலரில் போகும். வெளிநாட்டுக்குப் பணம் கட்டும் வசதி பல டெபிட் கார்டுகளில் முடக்கியே தரப்படுகிறது. அதைத் திறந்து, வங்கி பிடிக்கும் செலாவணிக் கட்டணத்தையும் கொடுத்த பிறகே நூல். மாணவர்கள் பாதிப் பேர் இங்கேயே நின்றுவிடுகிறார்கள்.

மேசையில் அதன் உழைப்பைப் பற்றி என் கருத்து உறுதியானது: ஐந்து பேர் ஐந்து கைபேசியைப் பார்த்துக்கொண்டிருக்கும் மேசையில் கதை நடக்காது. நாங்கள் கூடும் வீட்டின் வளவில் சுவர்கள் கெட்டி. சிக்னல் முகப்பு வரைதான் வரும். மாதாந்திரப் பராமரிப்புக்காகப் பகல் முழுவதும் மின்சாரம் நிறுத்தும் நாள் எங்கள் ஆட்ட நாளில் விழுந்தால், மதியத்துக்குள் சார்ஜ் போய்விடும்.

திரை பொருந்தும் இடம் ஒன்று உண்டு. குழு சிதறி, ஒருவர் பெங்களூரிலும் ஒருவர் துபாயிலும் இருந்துகொண்டு இணையம் வழியே விளையாடினால் கெட்டி அட்டை யாருக்கும் பயன்படாது. அங்கே இதுதான் வழி.

## இலவச விதிகளும் ஜெராக்ஸ் கடையும்

பலர் இதை ஏழைக்கு ஏற்ற இரண்டாம் தரம் என்று நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. தொடங்குபவர்களில் பத்துக்கு எட்டுப் பேரை இங்கேதான் அனுப்புவேன்.

2023 ஜனவரியில், ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித்தொகுப்பு கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியானது. 2025-இல் திருத்திய பதிப்பின் விதித்தொகுப்பும் அதே உரிமத்தில் வந்தது. மூலத்தைக் குறிப்பிட்டுவிட்டு யாரும் அச்சிடலாம், மாற்றலாம், மொழிபெயர்க்கலாம், விற்கவும் செய்யலாம். திருடிய ஸ்கேன் பிரதிகளோடு இதைக் குழப்பக் கூடாது. விற்பனையில் இருக்கும் நூலை ஸ்கேன் செய்து பரப்புவதை எந்த அளவுகோலிலும் நான் எடைபோடத் தயாராக இல்லை. இவ்வளவு நேர்மையான வழி திறந்திருக்கும்போது அதற்குத் தேவையும் இல்லை.

முதல் தொகுப்பு ஏறத்தாழ 400 பக்கம். பக்கத்துக்கு ஒரு ரூபாய் என்று வைத்துக்கொண்டால், இரண்டு பாகமாக ஸ்பைரல் போட்டு 500 ரூபாயில் முடியும், தலைக்கு 100. உயிரினங்களின் பகுதியை முழுவதும் அச்சிடாமல், முதல் சில ஆட்டங்களுக்கு வேண்டிய முப்பது பக்கத்தை மட்டும் எடுத்தால் இன்னும் குறையும். ஸ்பைரல் கட்டு மேசையில் தட்டையாக விரிந்து கிடக்கும் என்பது கெட்டி அட்டைக்கும் இல்லாத வசதி. டீ கொட்டினால் அந்தப் பக்கத்தை மட்டும் மறுபடி எடுத்துக்கொள்ளலாம்.

இதற்கும் மறைந்த செலவு உண்டு. அது பணமாக இல்லை, நேரமாக இருக்கிறது. இந்தத் தொகுப்பு எழுத்தாளர்களும் பதிப்பாளர்களும் எடுத்துப் பயன்படுத்துவதற்காக வெளியிடப்பட்டது. புதியவருக்குக் கைபிடித்துச் சொல்லித்தரும் பக்கங்கள் இதில் குறைவு. பாத்திர வகை ஒவ்வொன்றுக்கும் ஒரே ஓர் உட்பிரிவுதான். புகழ்பெற்ற சில உயிரினங்கள் இல்லை, படங்கள் இல்லை. ஏற்கெனவே விளையாடிப் பழகிய ஒருவர் குழுவில் இருந்தால் இது போதும். எல்லோருமே புதியவர்கள் என்றால் வறண்டுவிடும்.

அப்படிப்பட்டவர்கள் வேறு விளையாட்டையே தேர்ந்தெடுக்கலாம் என்பது என் பரிந்துரை. பேசிக் ஃபேண்டசி முழு விளையாட்டு; விதிநூலும் கதைகளும் இலவசம். கெய்ர்ன் இன்னும் சிறியது, முதல் பதிப்பின் விதிகள் இருபது சொச்சம் பக்கம்தான், மாலை ஐந்து மணிக்கு ஜெராக்ஸ் எடுத்தால் ஆறு மணிக்கு விளையாடலாம். இவ்விரண்டையும் மொழிபெயர்க்கலாம், மொழிபெயர்ப்பையும் அதே உரிமத்தில் திறந்துவிட வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. கதை நடத்த ஆளே கிடைக்கவில்லை என்றால் அயர்ன்ஸ்வார்ன் இருக்கிறது. தனி ஆளாகவும் விளையாடலாம், அதன் விதிநூலும் இலவசம். பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பின் விதிகள் முழுவதும் ஆர்க்கைவ்ஸ் ஆஃப் நெதிஸ் என்ற தளத்தில் நிறுவனத்தின் இசைவோடு கிடக்கின்றன. ஆனால் அங்கே நுழைந்தால் தேர்வுகளின் காட்டில் வழி தவறிவிடும். இரண்டாம் ஆண்டில் போங்கள்.

தேவகோட்டை ஆசிரியைக்கு நான் கெய்ர்னைச் சொன்னேன். பாத்திரக் குறிப்புத் தாள் ஒன்றைத் தமிழில் எழுதி நாற்பது படி எடுத்தால் வகுப்பே விளையாடும். இருபது முகப் பகடை அடங்கிய செட் சில நூறு ரூபாய். அதுவும் வேண்டாமென்றால் ஒன்று முதல் இருபது வரை சீட்டு எழுதி டம்ளரில் குலுக்கலாம். பிள்ளைகளுக்கு ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுங்கள், டீச்சர் என்றேன். தாயத்தில் ஒன்று விழுந்தால் குதிப்போம், காய் இறங்கும். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் வாளை வீசும்போது இருபது முகப் பகடையில் ஒன்று விழுந்தால் வீச்சு வீண். கெய்ர்னிலோ ஆபத்திலிருந்து தப்புவதற்குச் சிறிய எண்தான் வேண்டும். ஒன்று விழுந்தால் தாராளமாகக் குதிக்கலாம். தாயக்கட்டையோடு வளர்ந்த பிள்ளைகளுக்குக் கெய்ர்னைச் சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம்.

## பழைய பதிப்பு, கைமாறிய நூல்

சுருக்கமாகச் சொல்கிறேன். 2014 பதிப்பு நூல்கள் கைமாறிக் கிடைத்தால், விலை புதியதில் பாதிக்கு மேல் இல்லையென்றால், வாங்குங்கள். விளையாட்டு நன்றாகவே ஓடும். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளில் பர்மாத் தேக்கும் எனாமல் பாத்திரமும் கிடைக்கும், இது கிடைக்காது. சென்னை, பெங்களூர்க் குழுக்களில் கேட்டுப் பார்க்க வேண்டும். மேசையில் பாதிப் பேர் பழைய பதிப்பும் பாதிப் பேர் புதிய பதிப்பும் வைத்திருந்தால் ஒவ்வொரு மந்திரத்துக்கும் வாதம் நடக்கும். அந்த வாதத்தில் போகும் நேரம்தான் இதன் மறைந்த செலவு.

## ஒரே பார்வையில்

| வழி | ஐந்து பேருக்குத் தொடக்கச் செலவு | முதல் ஆட்டம் வரை | கண்ணுக்குத் தெரியாத செலவு | யாருக்கு |
|---|---|---|---|---|
| புதிய நூல்கள் மூன்றும் | 12,600 ரூபாய் அளவில் | தபாலைப் பொறுத்தது | குழு கலைந்தால் முடங்கும் பணம், கரையான் | ஆறு மாதம் கூடிப் பழகிய குழு |
| விளையாடுவோர் நூல் ஒன்று மட்டும் | 4,200 ரூபாய் அளவில் | தபால் அல்லது உறவினர் வருகை | உயிரின விதிகளுக்கு இலவசத் தொகுப்பின் துணை வேண்டும் | வெளிநாட்டு உறவு உள்ளவர் |
| திரை | நூலுக்கு நூல் மாறும் | உடனே | சந்தா, கார்டு கட்டணம், கைமாற்ற முடியாமை | ஊர் ஊராகச் சிதறிய குழு |
| இலவச விதியும் அச்சும் | 50 முதல் 500 ரூபாய் | அன்றைக்கே | கதை நடத்துபவரின் நேரம் | புதியவர், பள்ளி, மாணவர் |
| கைமாறிய பழைய நூல் | பேரத்தைப் பொறுத்தது | தேடலைப் பொறுத்தது | பதிப்புக் குழப்பம் | எல்லோரும் ஒரே பதிப்பில் இருந்தால் |

## புள்ளி போடுவது

எந்த வழியில் போனாலும், தனியொருவர் தலையில் செலவு விழக் கூடாது. நகரத்தார் ஊர்களில் கோயில் செலவைப் புள்ளிக் கணக்கில் பிரிப்பார்கள். மணமான ஒவ்வொருவர் குடும்பமும் ஒரு புள்ளி, புள்ளிக்கு இவ்வளவு என்று வரி. எங்கள் குழுவிலும் ஆளுக்கொரு புள்ளி வைத்துத்தான் விளையாடுவோர் நூலை வாங்கினோம். தலைக்கு 840 ரூபாய். முதல் மூன்று மாதம் ஜெராக்ஸ் கட்டில் விளையாடி, பன்னிரண்டு மாலைகள் முடிந்த பிறகே பணம் எடுத்தோம். அதுவரை நூலுக்கென்று யாரிடமும் ஒரு ரூபாய் கேட்கவில்லை.

பகிர்ந்து வாங்குவதன் மறைந்த செலவு பிரியும்போது தெரியவரும். நூல் யார் வீட்டில் இருக்கும்? ஒருவர் வேலைக்குச் சென்னை போனால் அவர் பங்கு என்ன ஆகும்? நண்பர்களுக்குள் இதைப் பேசக் கூச்சமாக இருக்கும். ஆனால் முன்பே பேசாமல் விட்ட இரண்டு குழுக்கள் புத்தகத்தாலேயே முகம் திருப்பிக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன். எங்கள் நூலின் உள்ளட்டையில் ஐந்து பெயரும் வரிசையாக எழுதியிருக்கிறோம். முதல் ஆண்டுக்குள் விலகுபவருக்குப் பாதிப் பங்கு திரும்பக் கிடைக்கும். அதற்குப் பிறகு விலகினால் ஒன்றும் இல்லை. அவர் புள்ளி குழுவுக்கு. புதிதாகச் சேருபவர் பணம் தர வேண்டாம், ஆறு மாதம் தொடர்ந்து வந்தால் பெயர் ஏறும். குழுவே கலைந்தால் கடைசியாகக் கதை நடத்தியவரிடம் நூல் போகும், அடுத்த குழுவுக்குக் கடன் கொடுக்க அவர் கடமைப்பட்டவர்.

பொறியியல் தம்பிக்கு இந்தப் பகுதிதான் பதில். மே மாதம் அவர்கள் ஐந்து பேரும் ஐந்து ஊருக்குப் போய்விடுவார்கள். இப்போது 12,600 ரூபாய் போட வேண்டாம். இலவசத் தொகுப்பை 500 ரூபாய்க்கு அச்சடித்து, மீதிப் பருவம் முழுவதும் வாரம் இரண்டு மாலை விளையாடுங்கள் என்றேன். "ஜெராக்ஸ் கட்டை அப்புறம் யார் வைத்துக்கொள்வது, அண்ணே?" என்று கேட்டார். விடுதியில் இரண்டாம் ஆண்டு பிள்ளைகள் நாலு பேர் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்களாம். முதல் பக்கத்தில் அவர்கள் பெயர் எழுத இடம் விட்டு வையுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.